கதாநாயகனின் பிரதிநிதி

நூல் தேர்வு இயக்ககத்தின் விண்ணப்பப் படிவத்தில் முப்பத்தொரு கட்டங்கள். முதல் பதின்மூன்றையும் அவள் ஒரு மணி நேரத்தில் நிரப்பிவிட்டாள். பதினான்காவது கட்டத்துக்கு எட்டு மாதம் ஆயிற்று.

அந்தக் கட்டத்தில் "கதாநாயகன்" என்று அச்சிட்டிருந்தது. எதிரே இரண்டு சிறு சதுரங்கள். ஒன்றின் பக்கத்தில் "நல்லவர்", மற்றதன் பக்கத்தில் "கெட்டவர்". கீழே பொடி எழுத்தில்: "ஏதேனும் ஒன்றை மட்டும் குறியிடுக. குறி மூன்று பிரதிகளிலும் தெளிவாக விழ வேண்டும்."

அவள் இரண்டு சதுரங்களையும் தாண்டிப் போய், மீதியை நிரப்பி, மூன்றாம் எண் கவுண்டரில் நீட்டினாள். கவுண்டருக்குப் பின்னால் இருந்த பிரிவு எழுத்தரை அலுவலகம் முழுவதும் ஸ்டேப்ளர் என்றுதான் அழைத்தது. இருபத்திரண்டு வருடமாக ஒரே நாற்காலி, ஒரே ஸ்டேப்ளர். அது கையில் இல்லாதபோது சட்டைப் பையில் இருக்கும். பையின் ஓரம் அந்தக் கனத்தில் கிழிந்து, கிழிசலும் பின் அடித்தே மூடப்பட்டிருந்தது.

"பதினாலு காலியா இருக்கே மேடம்."

"தெரியும் சார். ரெண்டுமே பொருந்தல."

"பொருந்தறதுக்கு இது என்ன சட்டையா? ஏதாவது ஒண்ணுல டிக் போடுங்க. நல்லா அழுத்திப் போடுங்க, மூணு காப்பியிலயும் விழணும்."

"அவன் நல்லவனா கெட்டவனான்னு கடைசிவரைக்கும் தெரியாது சார். கதையே அதுதான்."

"படிக்கிறவங்களுக்குத் தெரியாது, சரி. எழுதின உங்களுக்குத் தெரியும்ல?"

அவள் பேனாவை மூடிக் கைப்பைக்குள் வைத்தாள். ஸ்டேப்ளர் தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார். அந்தக் கவுண்டரில் இருந்து அவர் ஒருவர் முகத்தைப் பார்ப்பது அதுவே முதல் தடவை என்று பக்கத்துக் கவுண்டர்காரர் பிறகு சொன்னார்.

அவள் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டெக்னீஷியன். "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க... விடலாம்" என்று நாளுக்கு அறுபது பேரிடம் சொல்பவள். மீதி நேரத்தில் நான்கு வருடம் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினாள். அதன் பெயர் 'நாலாவது மாடிக்கு மேலே'.

கதை இதுதான். கைக்கடிகாரம் பழுது பார்க்கும் ஒரு பெண், பழைய ஆறு மாடிக் கட்டடத்தின் உச்சியில் கடை வைத்திருக்கிறாள். அங்கே லிஃப்ட் தினமும் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிடும். நின்றதும் ஒரு குரல் பேசும். குரலுக்கு உரியவன் அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் மெக்கானிக். அவன் இறந்து மூன்று வருடம் ஆகிறது. லிஃப்ட் குழிக்குள் அவன் விழுந்து இறந்த அன்று, அதே குழியில் அவளுடைய அண்ணனும் விழுந்து இறந்தான். மெக்கானிக் அண்ணனைத் தள்ளினானா, பிடிக்கப் போய்த் தானும் விழுந்தானா? அவளுக்குத் தெரியாது. தெரியாமலே அந்தக் குரலைக் காதலிக்கத் தொடங்குகிறாள். படியேறினால் நான்கு நிமிடத்தில் கடைக்குப் போய்விடலாம். ஆனாலும் லிஃப்ட்டின் பொத்தானையே அழுத்துகிறாள். கடைசி அத்தியாயத்தில் கட்டடம் தீப்பிடிக்கிறது. புகைக்கு நடுவே லிஃப்ட்டின் கதவு திறக்கிறது. உள்ளே லிஃப்ட் நிற்கிறதா, வெறும் குழியா, எதுவும் தெரியவில்லை. "கதவைத் திறக்கறது என் வேலை. காலெடுத்து வைக்கறது உன் வேலை" என்கிறது குரல். அவள் காலெடுத்து வைக்கிறாள். நாவல் அங்கே முடிகிறது.

பதிப்பாளர் இரண்டே நாளில் படித்துவிட்டு, "பிரமாதம்" என்றார். "இயக்ககத்து முத்திரை மட்டும் வாங்கிட்டு வாங்க. மறுநாளே அச்சுக்கு அனுப்பறேன்." நாட்டில் உள்ள எந்த நூலகமும் முத்திரை இல்லாத புத்தகத்தை அலமாரியில் ஏற்றாது. நூலகம் ஏற்றாத புத்தகத்தை எந்தப் பதிப்பாளரும் அச்சிடமாட்டார்.

அவள் தன் அக்காவோடு குடியிருந்தாள். அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கையெழுத்துப் பிரதியின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு அக்கா கேட்டது ஒரே கேள்வி.

"அவன் கொன்னானா இல்லையாடி?"

"அதைச் சொல்லிட்டா என்னக்கா இருக்கு?"

"விடையே எழுதாம பேப்பரைக் குடுத்துட்டு, யோசிச்சுப் பாருங்க டீச்சர்னு சொல்ற பசங்க என் கிளாஸ்ல நாலு பேர் இருக்காங்க. அவங்களுக்கு நான் என்ன போடுவேன் தெரியுமா?"

ஸ்டேப்ளர் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பவில்லை. பதினான்காவது கட்டத்தின் மேல் "பரிசீலனையில்" என்ற ரப்பர் முத்திரையைக் குத்தி, கோப்பை எடுத்துக்கொண்டார். முத்திரை கிடைக்கும்வரை அவள் ஆசிரியர் அல்ல, விண்ணப்பதாரர் என்றும், நாவல் நாவல் அல்ல, பொருள் என்றும் எழுதிய ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்தார்.

அடுத்த சிக்கல் வகைப்பாடு. அமானுஷ்யமும் காதலும் மர்மமும் கலந்த பொருளைப் பரிசீலிக்க இயக்ககத்தில் துணைக்குழு இல்லை. அமானுஷ்யத்துக்கு ஒன்று, காதலுக்கு ஒன்று, மர்மத்துக்கு ஒன்று எனத் தனித்தனியாக மூன்று இருந்தன. ஒரு துணைக்குழுவின் பொருளை இன்னொரு துணைக்குழு படிப்பது அதிகார எல்லை மீறல். ஆகவே, விதிப்படி, நாவல் வெட்டப்பட்டது.

வெட்டுவதற்கு என்று நீளக் கைப்பிடியோடு ஒரு எந்திரம் இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில் பேய் வரும் பத்திகள் அமானுஷ்யத்துக்கும், கொஞ்சல் வரும் பத்திகள் காதலுக்கும், யார் என்ன செய்தார்கள் என்று தேடும் பத்திகள் மர்மத்துக்கும் போயின. பேயே கொஞ்சும் பக்கங்கள் குறுக்காக வெட்டப்பட்டன. இருநூற்று நாற்பதாம் பக்கத்தில், இருட்டில், தன் மரணத்தைப் பற்றி ஒரு தடயம் சொல்லிக்கொண்டே அவன் அவளுக்கு முத்தம் கொடுக்கிறான். அந்தப் பக்கம் மூன்று நீளப் பட்டைகளாயிற்று. எதிலும் சேராத பதினோரு பக்கங்கள் "இதரம்" என்ற தட்டில் வைக்கப்பட்டன. அங்கே தேநீர் கோப்பைகளும் வைக்கப்படும்.

இதையெல்லாம் ஸ்டேப்ளர்தான் அவளிடம் சொன்னார். சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வெட்டறதுக்கு முந்தி மூணு நாள் லீவு வந்துச்சு மேடம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். முழுசாப் படிச்சேன். வெட்டினதுக்கு அப்புறம் ஒவ்வொரு துண்டுக்கும் நகல் எடுத்து, திரும்பவும் ஒட்டி வெச்சிருக்கேன். எவனுக்கும் தெரியாது" என்றார்.

பதிவறையில், பழைய கோப்புகளுக்குப் பின்னால் இருந்து அதை எடுத்துக் காட்டினார். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களும் வரிசையாக இருந்தன. எல்லா வெட்டுகளிலும் சின்னச் சின்ன பின்கள். முத்தம் கொடுக்கும் பக்கத்தில் மட்டும் பதினெட்டு.

அவளுக்குக் கண் கலங்கியது.

"நீங்க படிச்சதுல அவன் எப்படிப்பட்டவன் சார்?"

"அதைக் கேக்காதீங்க மேடம்" என்றார் அவர். "எனக்கு அவனைப் பிடிச்சுப்போச்சு. பயமாவும் இருந்துச்சு."

நான்கு வருடத்தில் அவள் கேட்ட மிகச் சரியான பதில் அது. அன்று முதல் ஒவ்வொரு வியாழக்கிழமையும், ஆஸ்பத்திரியில் மதியத்தோடு வேலை முடிந்ததும், இயக்ககத்துக்கு வரத் தொடங்கினாள்.

துணைக்குழுக்களின் அறிக்கைகள் மூன்றாம் மாதம் வந்தன.

அமானுஷ்யத் துணைக்குழுவின் தலைவர் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். காதலும் மர்மமும் நீக்கப்பட்ட பேயைப் படித்துவிட்டு அவர் எழுதினார்: "இந்தப் பேய் லிஃப்ட்டை நிறுத்துவது தவிர வேறு பணி எதையும் செய்யவில்லை. யாரையும் பயமுறுத்தவில்லை. பணியில் ஈடுபாடு குறைவு." நேரில் பார்த்தபோது அவளிடம் கனிவாகவே பேசினார். "நான் முப்பது வருஷம் தீயில வேலை பாத்தவன்மா. ஒரு பேயையும் பாத்ததில்ல. அதனாலதான் இந்தப் பதவிக்கு என்னைப் போட்டாங்க. பாத்தவன்னா ஒருதலைப்பட்சமா நடந்துக்குவான்."

காதல் துணைக்குழுவின் தலைவி முன்னாள் திருமணப் பதிவாளர். அவருக்குக் கிடைத்த துண்டுகளில் கதாநாயகன் இறந்துவிட்ட செய்தி எங்குமே இல்லை. நிலையான வேலையும் இனிமையான பேச்சும் உள்ள இளைஞர், தாமதமின்றித் திருமணத்தைப் பதிவு செய்யலாம் என்று பரிந்துரைத்தார். "பதினோராயிரம் கல்யாணம் பதிவு பண்ணியிருக்கேன்" என்றார். "ஒருத்தர்கூட என் முன்னாடி காதலைப் பத்திப் பேசினதில்ல. உன் பையன் ரொம்பப் பேசறான். அதுதான் கொஞ்சம் உறுத்துது."

மர்மத் துணைக்குழு வேறு மாதிரி. அதன் தலைவர் தணிக்கையாளராக இருந்தவர். முடிவு தெரியாமல் எதையும் படிக்கத் தொடங்கமாட்டார். அவர் வகுத்த விதி: ஒவ்வொரு மர்ம நாவலின் முடிவும், பொதுமக்களின் ஆட்சேபணைக்காக முப்பது நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். பலகையில் வரிசையாகத் தாள்கள் இருந்தன. "கொலையாளி: தோட்டக்காரர்." "கொலையாளி: மாமனார். ஆட்சேபணை: மாமனாரின் உறவினர்கள் இருவர்." "கொலை நடக்கவில்லை, இறந்தவர் நடித்தார்." மர்ம நாவல் படிப்பவர்கள் நாட்டில் ஏன் குறைந்துகொண்டே போகிறார்கள் என்று ஆராய இதே துணைக்குழு ஒரு தனிக்குழுவையும் அமைத்திருந்தது.

இவளுடைய தாளில் எழுத எதுவும் கிடைக்கவில்லை. "'நாலாவது மாடிக்கு மேலே'. முடிவு: பின்னர் அறிவிக்கப்படும்" என்று ஒட்டினார்கள்.

முதல் வாரம் அதை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் வாரம் தேநீர்க்கடைக்காரர் கவனித்தார். மூன்றாம் வாரம் ஓட்டுநர்கள், தட்டச்சர்கள், வேறு வேலையாக வந்தவர்கள் எல்லாரும் உள்ளே நுழைந்ததும் நேரே பலகைக்குப் போய், "இன்னும் போடலையா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். தட்டச்சர்கள் வழியாகக் கதை வெளியே கசிந்து, அதைப் படிக்காமலே இரண்டு கட்சி உருவாயிற்று. நாவல் இருக்கும் அறைக்குள் யாரையும் விடவில்லை என்பதால் யார் சொல்வது சரி என்று பார்க்கவும் முடியவில்லை. தேநீர்க்கடையில் ஒருநாள் கைகலப்பு.

"அவன் தள்ளலைய்யா! தள்ளினவன் எதுக்குய்யா தானும் விழுவான்?"

"வழுக்கி விழுந்திருப்பான். தள்றவனுக்கெல்லாம் கால் வழுக்காதா?"

அவள் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தன் நாவலைப் பற்றி வெளியே இரண்டு பேர் சண்டை போடுவதை முதன்முதலாகக் கேட்கிறாள். வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னாள். "சண்டைய முடிச்சு வைக்க வேண்டியது நீதானேடி" என்றாள் அக்கா.

சண்டையை முடித்து வைக்க இயக்குநர் தீர்மானித்தார். பொது அமைதிக்கு ஊறு விளைவிக்கும் பொருள் என்று கோப்பில் குறிப்பு எழுதி, நேர்முக விசாரணைக்கு நாள் குறித்தார்.

நேர்முக விசாரணை இயக்ககத்தின் பெருமைக்குரிய வழக்கம். ஒரு கதாநாயகனைப் பற்றிச் சந்தேகம் எழுந்தால் அவனையே நேரில் அழைத்து விசாரிப்பார்கள். அவன் கற்பனைப் பாத்திரம் என்பதால் வர இயலாது. ஆகவே அலுவலகப் பணியாளர்களில் ஒருவர் அவனுடைய பிரதிநிதியாக நியமிக்கப்படுவார். அவர் சொல்வது அவன் சொன்னதாகக் கொள்ளப்படும். போன மாதம் ஒரு சரித்திர நாவலின் மன்னருக்காக உட்கார்ந்த ஜீப் ஓட்டுநர், எல்லைப் போரில் ஏன் தோற்றீர் என்ற கேள்விக்கு இரண்டு மணி நேரம் பதில் சொல்லி, மறுநாள் முதல் ஜீப் ஓட்ட மறுத்துவிட்டார். கதாநாயகிகளுக்குப் பிரதிநிதி கிடையாது. அவர்கள் விசாரிக்கப்படுவதில்லை. விண்ணப்பதாரர் கடைசி வரிசையில் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அது சாட்சியைக் கலைத்ததாகும்.

லிஃப்ட் மெக்கானிக்கின் பிரதிநிதியாக நியமிக்கப்படத் தானாக முன்வந்து எழுதிக் கொடுத்தவர் ஸ்டேப்ளர்.

"வேற எவனாவது உட்கார்ந்தா கெடுத்துடுவான் மேடம்" என்றார். "முழுசாப் படிச்சவன் இந்தக் கட்டடத்துல நான் ஒருத்தன்தான்."

விசாரணைக்கு முந்தைய வியாழக்கிழமை இருவரும் பதிவறையில் ஒத்திகை பார்த்தார்கள். அவள் இயக்குநராகக் கேள்வி கேட்டாள். அவர் மெக்கானிக்காகப் பதில் சொன்னார். அண்ணனைப் பற்றி எப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டாலும் அவர் நாவலில் உள்ள வரியையே சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. "கதவைத் திறக்கறது என் வேலை. காலெடுத்து வைக்கறது உன் வேலை." நான்காம் முறை சொன்னபோது அவர் குரல் மாறியிருந்தது. எழுதும்போது அவள் காதில் கேட்ட குரலுக்கு மிக அருகில் இருந்தது.

"அப்படியே இருக்கு சார்."

"இந்தக் குரலை எங்க பிடிச்சீங்க மேடம்? நிஜமாவே யாராவது இருக்காங்களா?"

அக்காவிடம்கூடச் சொல்லாததை அவரிடம் சொன்னாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் அவள் தனியாக மாட்டிக்கொண்டாள். விளக்கு அணைந்துவிட்டது. நாற்பது நிமிடம். மேலே இருந்து லிஃப்ட் மெக்கானிக் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தான். அவள் பெயரைக் கேட்டான். என்ன வேலை என்று கேட்டான். "அப்ப நான் சொல்றேன், நீங்க செய்யுங்க. மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க... விடலாம்" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவு திறந்தபோது அவன் அங்கே இல்லை. அவன் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. அடுத்த மாதம் அவனை வேலையை விட்டு நீக்கினார்கள். லிஃப்ட்டில் போட வேண்டிய புதிய உதிரிபாகங்களை எடுத்து வெளியே விற்றுவிட்டுப் பழையதையே மாட்டி வந்தானாம். லிஃப்ட் நின்றதே அவனால்தான்.

"அன்னைக்கு அவன் பேசினது என் மேல இருந்த இரக்கத்துலயா, மாட்டிக்குவோம்கிற பயத்துலயான்னு ஒன்பது வருஷமா யோசிக்கிறேன் சார். சில நாள் இப்படித் தோணும், சில நாள் அப்படி. அதைத்தான் எழுதினேன். நீங்க முதல்நாள் கேட்டீங்களே, எழுதின உங்களுக்குத் தெரியும்லன்னு. தெரியாது. எனக்கும் தெரியாது."

ஸ்டேப்ளர் ஒரு காகிதத்தை எடுத்து மளமளவென்று எழுதினார். பதினான்காவது கட்டத்தில் மூன்றாவதாக ஒரு சதுரம் சேர்க்க வேண்டும் என்று இயக்குநருக்கு ஒரு மனு. "இரண்டும் கலந்தவர்." அவள் கையெழுத்துப் போட்டாள். அவர் அதைக் கோப்போடு சேர்த்துப் பின் அடித்தார்.

விசாரணை பெரிய கூடத்தில் காலை பத்தரைக்குத் தொடங்கியது. நடுவில் ஒரு நாற்காலி. ஸ்டேப்ளர் அன்று சட்டைப் பையில் எதுவும் இல்லாமல் வந்திருந்தார். அது இல்லாமல் அவர் கொஞ்சம் இளமையாகத் தெரிந்தார்.

இயக்குநர் தொடக்க உரை ஆற்றினார்.

"இந்த இயக்ககத்துக்கு நான் பொறுப்பேத்து பதினாலு வருஷம். இதுவரைக்கும் ஒரு நாவல்கூட நான் படிச்சதில்ல. படிச்சா பிடிக்கும், இல்ல பிடிக்காம போகும். ரெண்டுமே நடுநிலைக்குக் கேடு. எழுத்தாளருங்க சொல்றாங்க, நாங்க கதைய வெட்டறோம்னு. நாங்க எங்க வெட்டினோம்? பிரிச்சோம். வாழ்க்கையிலயும் நல்லது கெட்டது பிரிஞ்சுதான இருக்கு? என் மேசைமேல ரெண்டு தட்டு இருக்கு, வந்தது ஒண்ணு, போனது ஒண்ணு. மூணாவது தட்டு வெச்சா அதுல என்ன சேரும்னு எனக்குத் தெரியும். எல்லாமே அதுலதான் சேரும்."

கைதட்டல். பிறகு கேள்விகள்.

ஸ்டேப்ளர் அற்புதமாகப் பதில் சொன்னார். செத்த பிறகும் ஏன் லிஃப்ட்டை விட்டுப் போகவில்லை என்று தீயணைப்புக்காரர் கேட்டார். "வேலை முடியல சார்" என்றார். அந்தப் பெண்ணிடம் என்ன கண்டீர் என்று திருமணப் பதிவாளர் கேட்டார். "படிக்கட்டு இருந்தும் லிஃப்ட்டக் கூப்பிட்டாங்கம்மா. என்னை இதுக்கு முன்னாடி யாரும் அப்படிக் கூப்பிட்டதில்ல" என்றார். பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தணிக்கையாளர் அண்ணனைப் பற்றி மூன்று விதமாகக் கேட்டார். மூன்று தடவையும் அதே வரி வந்தது. கூடத்தின் கதவோரம் தேநீர்க்கடைக்காரர் ட்ரேயைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். கடைசி வரிசையில் அவள் தன் கைப்பையை இறுகப் பிடித்திருந்தாள். தன் கதாநாயகன் உயிரோடு எதிரில் உட்கார்ந்து பேசுகிறான் என்று தோன்றியது.

பதினொன்றே முக்காலுக்கு இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"விண்ணப்பதாரருக்கு முடிவு தெரியுமா, தெரியாதா? உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

ஸ்டேப்ளர் திரும்பி அவளைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை.

"எனக்கும் தெரியாதுன்னு சொன்னாங்க."

"அவங்களுக்கே தெரியாது. அப்ப தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான். சொல்லுங்க. தள்ளினீங்களா?"

ஸ்டேப்ளர் காலியான சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"நான்தான்" என்றார் ஸ்டேப்ளர்.

அவள் எழுந்துவிட்டாள். கடைநிலை ஊழியர் ஒருவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

"விவரமாச் சொல்லுங்க" என்றார் இயக்குநர். தட்டச்சர் வேகம் பிடித்தார்.

"உதிரிபாகங்களை எடுத்து வெளியில வித்துட்டேன் சார். பழசையே மாட்டினேன். அவங்க அண்ணனுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதனால தள்ளினேன். அவர் என் கையப் பிடிச்சுக்கிட்டதுல நானும் விழுந்தேன்."

"அந்தப் பொண்ணுகிட்ட அவ்வளவு அன்பாப் பேசினது?"

"அன்பெல்லாம் இல்ல சார்." அவர் ஒத்திகையில் பிடித்த அதே குரலில்தான் பேசினார். "லிஃப்ட்டுக்குள்ள மாட்டினவங்க பயந்து செத்துட்டா விசாரணை வரும். மாட்டிக்குவேன். அதனாலதான் பேச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தேன். பேரைக் கேட்டேன். வேலையக் கேட்டேன். மூச்சை இழுத்துப் பிடிங்கன்னு சொன்னேன். எல்லாம் பயத்துலதான்."

உதிரிபாகம் விற்றதும், பேரையும் வேலையையும் கேட்டதும், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னதும் நாவலில் எங்கும் இல்லை. அவரைத் தவிரக் கூடத்தில் ஒருவருக்குத்தான் அது தெரிந்தது. அவளுக்கு வாய் திறக்க அனுமதி இல்லை.

வாக்குமூலம் ஒருமனதாக ஏற்கப்பட்டது. இயக்குநர் பதினான்காவது கட்டத்தில் தன் கையாலேயே குறியிட்டு, பக்கத்தில் "ஒப்புக்கொண்டவர்" என்று எழுதினார். ஒப்புக்கொண்ட கெட்டவர்களை நூலகங்களில் வைக்க விதி இடம் தருகிறது. முத்திரை அன்று மதியமே குத்தப்பட்டது. பலகையில் புதிய தாள் ஒட்டப்பட்டது. தேநீர்க்கடையில் ஒரு கட்சி வென்றது. மறுநாள் முதல் பலகைப் பக்கம் யாரும் போகவில்லை.

இரண்டு மாதத்தில் புத்தகம் வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கதாநாயகி காலெடுத்து வைக்கிறாள். முந்நூற்றுப் பதின்மூன்றில், இணைப்பாக, "கதாநாயகனின் வாக்குமூலம் (பிரதிநிதி மூலம்)". அது இல்லாமல் வெளியிட்டால் முத்திரை செல்லாது. அக்கா புத்தகத்தை வாங்கி, கடைசித் தாளை மட்டும் படித்தாள்.

"அப்பாடா" என்றாள். "இதை முதல்லயே எழுதியிருந்தா எட்டு மாசம் மிச்சம். நல்லா வந்திருக்குடி. அந்த மூச்சு இழுத்துப் பிடிக்கச் சொன்னான் பாரு, எவ்வளவு நிஜமா இருக்கு. எப்படித்தான் தோணிச்சோ உனக்கு."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை இயக்ககத்தில் இருந்து கடிதம் வந்தது. கோப்பை முடித்துவைக்க ஒரு கையெழுத்து பாக்கியாம். மூன்றாம் எண் கவுண்டரில் புதிய ஆள் இருந்தார். "சார் மேல போயிட்டாரு" என்று முதல் மாடியைக் காட்டினார். அங்கே "பாத்திர விசாரணைப் பிரிவு, தலைமை" என்று ஒரு பலகை. உள்ளே ஸ்டேப்ளர். மேசையில் புதிதாக, பெரிதாக, ஒரே அடியில் நாற்பது தாளைத் தைக்கும் எந்திரம்.

"வாங்க மேடம். புத்தகம் பாத்தேன். அட்டை நல்லா வந்திருக்கு."

அவள் உட்காரவில்லை.

"எதுக்கு சார் அப்படிச் சொன்னீங்க?"

"இல்லன்னா இன்னும் எட்டு வருஷம் அலைஞ்சிருப்பீங்க. இந்த அலமாரியில தூங்கற ஃபைல் எத்தனைன்னு உங்களுக்குத் தெரியாது. இப்பப் புத்தகம் வெளிய வந்திடுச்சுல்ல?"

"அதுக்காகவா சொன்னீங்க?"

"அதுக்காகவும்தான்."

"இந்த ரூம்?"

"அது வேற ஃபைல் மேடம்."

"என் லிஃப்ட்ல நடந்ததை ஏன் சார் சொன்னீங்க? அது நாவல்லயே இல்லையே. நம்பித்தான உங்ககிட்ட சொன்னேன்."

அவர் மேசையில் இருந்த எந்திரத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"விவரமாச் சொல்லுன்னு கேட்டாரு. என்கிட்ட வேற விவரம் இல்ல."

"சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவ திரும்பி என்னைப் பாத்தீங்க. எதுக்கு?"

"பாத்தேனா?" என்றார். பொய் சொல்கிறவர் முகமாக அது இல்லை. உண்மை சொல்கிறவர் முகமாகவும் இல்லை. "எதுக்குன்னு எனக்கே தெரியல மேடம்."

பிறகு அவர் ஒரு படிவத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். மூன்று பிரதி, நடுவே கார்பன். பிரதிநிதியாகப் பணியாற்றியவரைப் பற்றி, இப்போது ஆசிரியராகிவிட்டவர் கருத்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஒரே ஒரு கட்டம்தான். "பிரதிநிதி" என்று அச்சிட்டிருந்தது. எதிரே சதுரங்கள்.

மூன்று சதுரங்கள்.

"உங்க மனு பாஸாயிடுச்சு மேடம்" என்றார் ஸ்டேப்ளர். அவர் குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. "இயக்குநர் ஒத்துக்கவே இல்ல. நான்தான் ஒத்தக்கால்ல நின்னு வாங்கினேன். இந்த மாசத்துல இருந்து எல்லாப் படிவத்துலயும் வருது. முதல் படிவம் உங்களோடதுதான்."

நல்லவர். கெட்டவர். இரண்டும் கலந்தவர். மூன்றாவது சதுரத்தின் மை மற்ற இரண்டைவிடப் புதிதாக, கருப்பாக இருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்காகத்தான் எட்டு மாதம் அலைந்தாள். அதற்காகத்தான் நான்கு வருடம் எழுதினாள்.

அவர் பேனாவை நீட்டினார். அவள் தன் பேனாவைக் கைப்பையில் இருந்து எடுத்துக்கொண்டாள். இரண்டாவது சதுரத்தில், யோசிக்காமல், டிக் போட்டாள். நன்றாக அழுத்தியே போட்டாள். மூன்று பிரதிகளிலும் தெளிவாக விழ வேண்டும் என்பது விதி.